உமியில் ஓடிய மில்: ஐராவதி டெல்டாவின் நீராவி ஆலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தாத்தா சிவகங்கைப் பக்கத்திலிருந்து கப்பலேறி இரங்கூன் வந்தவர். வந்த நாள்முதல் அவர் பார்த்த வேலை ஒன்றுதான்: அரிசி மில்லில் பாய்லருக்கு உமி தள்ளுவது. கடைசியில் வந்து நிலைத்தது டெல்டாவில் பியாபோன் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் இருந்த மில்லில். அப்பா அதே மில்லில் பிட்டர். நான் அந்த மில் சங்கு ஊதுவதைக் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவன். தமிழ்நாட்டு உறவுக்காரர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன். மில்லின் பெயரையும் முதலாளி குடும்பத்தின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள்.

இந்த நீராவி மில்கள் பர்மாவுக்கு எப்போது வந்தன?

1852 போருக்குப் பிறகு கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. அப்போது டெல்டாவில் பாதிக்குமேல் காடும் சதுப்பும். கீழ்ப்பர்மா முழுவதிலும் நெல் விளைந்த நிலம் சுமார் 10 லட்சம் ஏக்கர்தான். 1930களில் அது 80 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. இவ்வளவு நெல்லையும் கையால் குத்தி மாளுமா? 1860களில் இரங்கூனில் நீராவி ஆலைகள் எழத் தொடங்கின. கொஞ்ச காலத்தில் பசுண்டாங் ஓடைக்கரை முழுக்கப் புகைபோக்கிகள்.

ஆரம்பத்தில் ஐரோப்பாவுக்குப் போனது தீட்டிய அரிசி இல்லை. பாய்க்கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் போகவேண்டும். வெள்ளை அரிசியாக ஏற்றினால் வழியிலேயே புழுத்துவிடும். அதனால் உமி நீக்கிய அரிசியோடு ஐந்தில் ஒரு பங்கு போல நெல்லையும் கலந்தே ஏற்றினார்கள். 'கார்கோ ரைஸ்' என்று அதற்குப் பெயர். மிச்ச வேலையை அங்குள்ள ஆலைகள் பார்த்துக்கொண்டன. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பல்களும் பெருகிய பிறகுதான் இங்கேயே முழுக்கத் தீட்டி அனுப்புவது கட்டுபடியாயிற்று.

உள்ளூர்களுக்கு மில் பரவியது இன்னும் பிந்தி. 1900இல் பர்மா முழுவதும் நூறு மில்கூட இல்லை. 1930இல் அறுநூறுக்கு மேல். புதிதாக வந்தவற்றில் பெரும்பாலானவை எங்கள் மில்லைப் போன்ற சின்ன மில்கள்தாம்.

அதற்கு முன்னால் இங்கே எப்படி நெல் குத்தினார்கள்?

நம் ஊர் உரல் உலக்கைக்கு அண்ணன் தம்பி மாதிரி. ஒரு நீள மரத்தின் நுனியில் உலக்கை பொருத்தியிருக்கும். மறுநுனியைக் காலால் மிதித்துவிட்டால் உலக்கை எழுந்து உரலில் விழும். மரத்தாலோ மண்ணாலோ செய்த திருகையும் உண்டு, அது உமியை மட்டும் உடைக்கும். என் அப்பத்தா வந்த புதிதில் பர்மாக்காரப் பெண்கள் காலால் நெல் குத்துவதைப் பார்த்து, "அன்னத்தை மிதிக்கிறாளுக" என்று முகம் சுளித்தாராம். ஒரு மாதம் கழித்து அவரும் மிதித்தார்.

இரங்கூனில் அவ்வளவு பெரிய ஆலைகள் இருந்தபோது குக்கிராமத்தில் மில் எதற்கு?

நெல்லாக ஏற்றினால் ஐந்தில் ஒரு பங்கு உமிக்கும் சேர்த்துப் படகுக்கூலி கொடுக்கவேண்டும். உள்ளூரிலேயே அரைத்துவிட்டால் அரிசிக்கு மட்டும் கூலி. டெல்டாவில் ரோடு கிடையாது, வாய்க்கால்தான் ரோடு. நெல் படகு நேரே மில் படித்துறையில் வந்து நிற்கும், அரிசி மூட்டை அதே படித்துறையிலிருந்து கிளம்பும்.

விலைத் தகராறும் ஒரு காரணம். பெரிய ஐரோப்பிய கம்பெனிகள் நான்கு 1921இல் 'புல்லிங்கர் பூல்' என்று கூட்டுச் சேர்ந்து நெல் வாங்கின. நெல் விலையை அமுக்கத்தான் அந்தக் கூட்டு என்று விவசாயிகள் கொதித்தார்கள். உள்ளூரில் சின்ன மில் இருந்தால் விவசாயிக்கு இன்னொரு கதவு திறந்திருக்கும். அந்தக் கதவு எவ்வளவு அகலம் என்பது மில்காரர் யாரிடம் கடன் வாங்கியிருந்தார் என்பதைப் பொறுத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நிலக்கரி எங்கிருந்து வந்தது?

வரவில்லை. எல்லோரும் இந்த இடத்தில்தான் ஆச்சரியப்படுகிறார்கள். மில் ஓடியது உமியில்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். இங்கே நெல் வியாபாரம் கூடைக் கணக்கில். ஒரு கூடை நெல் 46 ராத்தல், ஏறக்குறைய 21 கிலோ. விலை பேசுவது நூறு கூடைக்கு. நூறு கூடை நெல் கிட்டத்தட்ட 2,100 கிலோ. அதில் உமி மட்டும் 400 கிலோவுக்குக் குறையாது. நல்ல நிலக்கரியின் சூட்டில் ஏறக்குறைய பாதி உமியில் இருக்கிறது. அந்த உமியை எரித்தாலே அதே நூறு கூடையை அரைக்க வேண்டிய நீராவி கிடைத்துவிடும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். காசு கொடுத்து விறகு வாங்கியது காலையில் முதல் சூடு ஏற்றுவதற்கு மட்டும்தான். சதுப்புக்காட்டு விறகு, அல்லது எங்கள் மில்லிலேயே மரம் அறுக்கும்போது விழுந்த பக்கப்பலகை.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் உமியை எரிப்பது ஒரு வித்தை. விறகைப் போல அள்ளிப் போட்டுவிட்டுப் பீடி பற்றவைக்க முடியாது. குவித்துப் போட்டால் மூச்சுமுட்டி அணைந்துவிடும். தூவிப் போட்டால் காற்றோடு பறந்து புகைபோக்கி வழியே ஊர்மேல் கறுப்பு மழையாக விழும். அதனால் அடுப்புக்குள் கம்பிகளைப் படிக்கட்டு மாதிரிச் சரிவாக அடுக்கியிருப்பார்கள். உமி மேல்படியில் விழுந்து, எரிந்துகொண்டே படிப்படியாகச் சரிந்து, கடைசிப் படியில் சாம்பலாக நிற்கும். அந்தச் சரிவைக் கெடுக்காமல் நீளக் கம்பியால் இடைவிடாமல் கிளறிவிட வேண்டும். என் தாத்தாவின் ஆயுளில் பாதி அந்தக் கம்பியின் இந்த முனையில் கழிந்தது. கம்பியின் நீளத்தை வைத்தே எந்த மில் எந்தப் பாய்லர் என்று சொல்லிவிடுவார்.

உமி முழுதாக எரியவே எரியாது. அதில் மணல்சத்து, அதாவது சிலிக்கா, அவ்வளவு இருக்கிறது. 400 கிலோ உமி எரித்தால் 70, 80 கிலோ சாம்பல் மிஞ்சும். தினமும் அள்ளி வாய்க்கால் ஓரமே கொட்டினார்கள். எங்கள் பழைய மில் இருந்த கரை இன்று ஊரிலேயே மேடான இடம். வெள்ளம் வந்தால் அங்கேதான் மாட்டைக் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள்.

பாய்லருக்குத் தண்ணீர்? வாய்க்கால் பக்கத்திலேயே இருந்ததே?

மழைக்காலத்தில் சரி. கோடையில் கடல் ஓதம் ஏறி டெல்டாவின் தென்பகுதி வாய்க்கால்கள் உப்புக் கரிக்கும். அரவை மும்முரமும் அப்போதுதான். உப்புத் தண்ணீர் பாய்லரில் நுரைத்துப் பொங்கும், குழாய்களில் உப்புப் படிந்து தடிக்கும். அதனால் ஒவ்வொரு மில்லுக்கும் சொந்தமாக மழைநீர்க் குளம் ஒன்று இருந்தது. ஊர்க்காரர்கள் குடிக்கவும் அதே குளம்தான். பங்குனி சித்திரையில் 'பாய்லருக்கா, பானைக்கா' என்ற சண்டை வருஷம் தவறாமல் நடக்கும்.

உள்ளே போன நெல் அரிசியாக வெளியே வரும்வரை என்ன நடந்தது?

முதலில் சல்லடை. வைக்கோல், கல், ஆணி எல்லாம் அங்கே நிற்கும். பிறகு நெல் இரண்டு வட்டக் கற்களுக்கு நடுவே போகும். கல் என்கிறோம், அசலில் இரும்புத் தட்டு. அதன்மேல் எமரி என்ற கடினமான கல்லின் தூளைச் சிமெண்டோடு குழைத்துப் பூசியிருப்பார்கள். நம் வீட்டுத் திருகைபோல மாவாக அரைக்கக்கூடாது, உமியை மட்டும் உடைக்கவேண்டும். அதனால் இரண்டுக்கும் இடையில் நெல்லின் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான சந்து. அந்தச் சந்தைச் சரிசெய்யும் ஆள்தான் மில்லின் ராஜா. காதை வைத்துக் கேட்டுத்தான் திருகுவார். கொஞ்சம் இறுக்கினால் எல்லாம் நொய். கொஞ்சம் தளர்த்தினால் பாதி நெல் அப்படியே வெளியே வரும்.

அடுத்து விசிறி உமியைப் பிரித்து அடுப்புப் பக்கம் ஊதித் தள்ளும். உடையாத நெல்லை, முன்னும்பின்னும் ஆடும் ஆட்டுப்பெட்டி பிரித்துத் திரும்பக் கல்லுக்கு அனுப்பும். அதன்பின் தீட்டும் கூம்பு. இதுவும் எமரி பூசியதுதான், சுற்றிலும் கம்பிவலை, நடுநடுவே ரப்பர்ப் பட்டை. அரிசி அதில் உரசித் தவிட்டை இழக்கும். ஒரே கூம்பில் அழுத்தித் தீட்டினால் உடையும் என்பதால் இரண்டு மூன்று கூம்பு வரிசையாக இருக்கும். பெரிய ஆலைகளில் கடைசியாக ஆட்டுத்தோல் சுற்றிய உருளையில் பளபளப்பும் ஏற்றுவார்கள். எங்கள் மில்லில் அது கிடையாது. "ஆட்டுத்தோல் பளபளப்பு வெள்ளைக்காரனுக்கு, நமக்கு வயிறு நிறைஞ்சால் போதும்" என்பார் அப்பா.

இத்தனையும் ஒரே எஞ்சினில் ஓடியது. கூரைக்கடியில் நீளவாக்கில் ஒரு இரும்புத் தண்டு, அதில் வரிசையாகச் சக்கரங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பெல்ட் இறங்கி ஒரு மெஷினைச் சுற்றும். எஞ்சின் என்னவோ நிதானமாகத்தான் மூச்சுவிடும். பெல்ட்டுகள்தான் படபடவென்று அடித்துக்கொள்ளும். பாட்டுக் கச்சேரியில் தம்புராவும் கஞ்சிராவும் மாதிரி என்று எனக்குச் சின்ன வயதில் தோன்றியதுண்டு.

அரிசி மில்லில் மரமும் அறுத்தார்களாமே, உண்மையா?

எங்கள் மில்லில் அறுத்தார்கள். எல்லா மில்லிலும் இல்லை.

அறுவடை முடிந்து தை மாதம் தொடங்கி வைகாசிவரை நெல் குவியும். மழை இறங்கிவிட்டால் நெல் வரத்து சுருங்கும். எஞ்சினையும் ஆட்களையும் சும்மா வைத்திருக்க முதலாளிக்கு மனம் வருமா? கொட்டகையின் மறுபக்கம் ஒரு வட்டவாள் மேடை போட்டு, அதே தண்டிலிருந்து பெல்ட்டை மாற்றி மாட்டினால் மரமில் தயார். மழைக்காலம் மரத்துக்கும் நல்ல காலம். வாய்க்கால் நிரம்பியிருக்கும், தெப்பமாகக் கட்டிய மரங்கள் கொட்டகை வாசல்வரை மிதந்து வரும். ஓதம் ஏறும்போது மரத்தைச் சறுக்குமேடைக்கு இழுத்துவிட்டால், வற்றும்போது அது தானாகத் தரைதட்டி நிற்கும். யானை எல்லாம் பெரிய மரக்கிடங்குகளின் சொத்து. எங்களுக்கு எருமையும் ஓதமும்தான்.

அதற்கு முன்பு இரண்டு ஆள் கைவாள்தான். பள்ளத்துக்குள் ஒருவர், மரத்தின்மேல் ஒருவர். கீழே நிற்பவர் கண்ணில் நாள்முழுக்கத் தூள் விழும். வட்டவாள் வந்தபோது அந்தப் பள்ளத்து ஆள்தான் முதலில் கும்பிட்டிருப்பார்.

தேக்கா அறுத்தார்கள்? எங்கள் செட்டிநாட்டு வீட்டுத் தூண் உங்கள் ஊரில் அறுத்ததாக இருக்குமா?

அநேகமாக இல்லை. ஆசையைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும்.

தேக்கு பர்மாவில் மன்னர் காலத்திலேயே அரண்மனைச் சொத்து. ஆங்கிலேயர் வந்து அதை அரசாங்கச் சொத்தாக வைத்துக்கொண்டார்கள். அனுமதியில்லாமல் ஒரு மரத்தைத் தொட முடியாது. காட்டில் மரத்தைச் சுற்றிப் பட்டையையும் அடியிலுள்ள வெண்மரத்தையும் வளையமாக வெட்டி, நின்றபடியே காயவிடுவார்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் வீழ்த்துவது. பச்சைத் தேக்கு ஆற்றில் போட்டால் அமிழ்ந்துவிடும், காய்ந்தது மிதக்கும். அது மிதந்து போய்ச் சேருவது மோல்மேன், இரங்கூன் பெரிய மரமில்களுக்கு. பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் போன்ற கம்பெனிகளின் ராஜ்ஜியம் அது. 1885இல் அந்தக் கம்பெனிமேல் மன்னர் தீபோவின் அரசு மரக்கணக்கில் ஏமாற்றியதாகப் போட்ட அபராதத்தைச் சாக்காக வைத்துத்தான் ஆங்கிலேயர் மாண்டலேமேல் படையெடுத்தார்கள். ஒரு மரக்கணக்கில் ஒரு ராஜ்ஜியமே போனது.

எங்களைப் போன்ற சின்ன மில்லில் அறுத்தது பியின்கடோ, கன்யின், திங்கான் போன்றவை. பியின்கடோ இரும்பு மாதிரி. ரயில் தண்டவாளக் கட்டைக்கும் பாலத்துக்கும் போகும். கன்யின் வீட்டுப் பலகைக்கு. திங்கான் படகுக்கு. கோவில் திருப்பணிக்கோ யாராவது வீடு கட்டவோ அனுமதிச்சீட்டோடு எப்போதாவது தேக்கு வரும். அன்றைக்கு வாள் தீட்டுபவருக்குக் கூடுதல் வேலை. தேக்கிலும் சிலிக்கா இருக்கிறது, வாள்பல் சீக்கிரம் மழுங்கிவிடும். உமி, தேக்கு இரண்டும் ஒரே குணம் என்று அப்பா அலுத்துக்கொள்வார்: ஒன்று தகரக் குழாயைத் தின்னும், மற்றது வாளைத் தின்னும்.

மில் செட்டியாருடையதுதானே?

இதைக் கேட்காதவர்களே இல்லை. எண்ணிக்கையை எடுத்தால் சின்ன மில்களில் பர்மியருடையவைதாம் அதிகம். சீனர்களுடையவை, சூரத்திலிருந்து வந்த சூரத்திகள் உட்பட மற்ற இந்தியருடையவை என்றும் நிறைய இருந்தன. எங்கள் மில்லைக் கட்டியவர் ஒரு பர்மாக்காரர். அவருக்குப் பணம் கொடுத்தது ஒரு செட்டியார் கடை.

நகரத்தார் இங்கே செய்தது முதன்மையாக வட்டித் தொழில். 1929-30இல் வங்கித் தொழிலை ஆராய்ந்த அரசுக் குழுவின் கணக்கில் பர்மாவில் அவர்கள் கடைகள் சுமார் 1,650, போட்டிருந்த மூலதனம் ஏறக்குறைய 75 கோடி ரூபாய். இரங்கூன் மொகல் தெருவில் தொடங்கி டெல்டாவின் ஒவ்வொரு படகுத்துறை ஊர்வரை கிட்டங்கியும் (அவர்கள் கடை நடத்திய கட்டிடம்) முருகன் கோவிலும் இருந்தன. விவசாயிக்கு நிலத்தின் பேரில் கடன், மில்காரருக்கு நெல்லின் பேரிலும் மெஷினின் பேரிலும் கடன்.

1930இல் உலகமெங்கும் விலை சரிந்தபோது நெல் விலை பாதிக்கும் கீழே போயிற்று. கடன் திரும்பவில்லை, நிலம் திரும்பியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1937இல் 25 சதவீதம். பல மில்களும் அதே வழியில் கைமாறின. நிலம் உழவோ மில் ஓட்டவோ அவர்கள் வரவில்லை, வேண்டாத சொத்து தலையில் விழுந்தது என்று காரைக்குடிப் பக்கம் சொல்வார்கள். அது உண்மைதான். நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த உண்மையால் ஒரு பயனும் இல்லை என்பதும் உண்மைதான். நாங்கள் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வாழ்ந்தவர்கள், எனக்கு இரண்டும் தெரியும்.

தமிழர்கள் மில்லில் என்னென்ன வேலை பார்த்தார்கள்?

இரங்கூன் பெரிய ஆலைகளில் தெலுங்குக்காரர்கள்தாம் மிகுதி. எங்கள் மில்லில் பாய்லர், எஞ்சின் பக்கம் தமிழர், மூட்டை தூக்க ஒரியாக்காரர், தெலுங்கர், கல் சரிசெய்பவர் சீனர், கணக்குப்பிள்ளை பர்மாக்காரர். மொத்தம் ஐம்பது பேருக்குள். எல்லோரும் பேசியது உடைந்த பர்மிய மொழி. "மில்லு பாசை" என்று அப்பத்தா கேலி செய்வார்.

ஆள் சேர்ப்பது மேஸ்திரி வழியாக. கப்பல்கூலியும் முன்பணமும் அவர் தருவார். கடன் தீரும்வரை அவர் சொல்லும் இடத்தில் வேலை. பெண்கள் தவிடு புடைத்தார்கள், நொய் பொறுக்கினார்கள், சாக்குத் தைத்தார்கள். கூலி ஆண்களைவிடக் குறைவு. கொட்டகையைப் பெருக்கி எடுக்கும் நொய்யை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது, அதுதான் எங்கள் வீட்டில் பாதி நாள் கஞ்சி.

புழுங்கலரிசி பர்மாவில் செய்தார்களா?

நிறைய. பர்மாக்காரர் சாப்பிடுவது பச்சரிசி. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போனதில் பெரும்பகுதி புழுங்கல். நீராவி மில்லுக்கு இது கைவந்த வேலை: பாய்லரிலிருந்து ஒரு குழாயை இழுத்து, ஊறிய நெல் இருக்கும் தொட்டியில் விட்டால் போதும். பிறகு களத்தில் காயப்போடுவது. களம் காக்கும் வேலை எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு. காக்கைக்கும் எங்களுக்கும் நாள்முழுக்கப் போர்.

இதில் ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. மில் அரிசி பரவிய நாடுகளிலெல்லாம் பெரிபெரி நோயும் பெருகியது. நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் தவிட்டோடு உயிர்ச்சத்து போய்விடுகிறது. மலேயாவில் ஒரே மாதிரி உழைத்த கூலிகளில் பச்சரிசி தின்ற சீனர்களுக்குப் பெரிபெரி கண்டது, புழுங்கல் தின்ற தமிழர்களுக்குப் பெரும்பாலும் வரவில்லை என்று நூறு வருஷத்துக்கு முன்பே மருத்துவர்கள் கவனித்தார்கள். நெல்லைப் புழுக்கும்போது சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. யோசித்துச் செய்ததில்லை, நாக்குப் பழக்கம் காப்பாற்றியது.

விபத்துகள் நடந்ததுண்டா?

உண்டு. பாய்லர் வெடிக்கும் என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள், ஆனால் அன்றாடம் ஆளைத் தின்றது பெல்ட். ஓடும்போதே பெல்ட்டை மாற்றி மாட்டுவது ஒரு வீரம் என்று நினைத்தார்கள். தாத்தாவுக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது. ஈடாக என்ன கிடைத்தது என்று கேட்டேன். மூன்று நாள் லீவு என்றார்.

பாய்லருக்கு 1923இலேயே சட்டம் வந்துவிட்டது. அப்போது பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம் என்பதால் இந்தியன் பாய்லர் சட்டம் இங்கும் செல்லும். வருஷத்துக்கொருமுறை இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சான்றிதழ் தரவேண்டும். பாய்லர் அடுப்பின் கூரையில், நெருப்புக்கு நேர்மேலே, ஈயம்போல உருகும் ஒரு அடைப்பு இருக்கும். தண்ணீர் மட்டம் ஆபத்தாக இறங்கினால் அது உருகி, நீராவி நெருப்பின்மேலே பாய்ந்து எச்சரிக்கும். ஒரு முதலாளி அந்த அடைப்பு அடிக்கடி உருகித் தொல்லை தருகிறது என்று இரும்பு போல்ட்டைத் திருகிவிடச் சொன்னதாகவும், அன்றைக்கே தாத்தா அந்த மில்லை விட்டு நடையைக் கட்டியதாகவும் எங்கள் வீட்டில் ஒரு கதை. எங்கள் ஊர் மில்லுக்கு அவர் வந்தது அப்படித்தான்.

1942இல் என்ன ஆனது?

மார்ச் 8ஆம் தேதி இரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஐராவதி கப்பல் கம்பெனி தன் நீராவிப் படகுகள் பகைவனுக்குக் கிடைக்கக்கூடாதென்று தானே மூழ்கடித்தது. படகு இல்லையென்றால் டெல்டாவில் மில்லும் இல்லை. ஏற்றுமதி நின்றது, நெல் களத்திலேயே கிடந்து மக்கியது. ஊர்ப்பெண்கள் பரணில் போட்டுவைத்த கால்உலக்கையைத் திரும்ப இறக்கினார்கள்.

இந்தியாவுக்கு நடந்தவர்கள் நாலைந்து லட்சம் பேர் என்கிறார்கள். தாத்தா பிரோம் வரை போனார். அரக்கான் மலைக்கணவாயில் காலரா என்று கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டார். திரும்பியவர் முதலில் செய்தது பாய்லரில் இருந்த தண்ணீரை வடித்து, கதவுகளுக்குக் கிரீஸ் பூசியது. அவருக்குச் சம்பளம் கொடுக்க அப்போது யாரும் இல்லை.

1962க்குப் பிறகு?

1962இல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி நெ வின் காலத்தில், 1963இல் அரிசி வியாபாரம் அரசு கைக்குப் போனது. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று ஒரே அறிவிப்பு. கடை வைத்திருந்த தமிழர்கள் உட்பட இந்தியர்கள் லட்சக்கணக்கில் வெளியேறினார்கள். சென்னையின் பர்மா பஜார் அப்படிப் போன தமிழர்களால் வந்தது. எங்களிடம் கடையும் இல்லை, நோட்டும் இல்லை. மில் அரசுக்குக் கூலி அரைத்துக்கொண்டு ஓடியது, அப்பா அதோடு ஓடினார்.

வெளிநாட்டுச் சாமான் வருவது ஏறக்குறைய நின்றுபோன காலம் அது. டீசல் எஞ்சின் வாங்க வழியில்லை, வாங்கினாலும் டீசலுக்கு ரேஷன். உமிக்கு ரேஷன் போட எவராலும் முடியவில்லை. உலகம் முழுக்க நீராவியைக் காயலான் கடைக்கு அனுப்பியபோது பர்மாவில் அது பிழைத்திருந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேடவேண்டாம். உடைந்த பாகத்தை உள்ளூர் வார்ப்படப் பட்டறையில் அச்செடுத்து வார்த்துக்கொள்வார்கள். பெல்ட் கிடைக்காதபோது பழைய டயரைக் கிழித்துத் தைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எஞ்சின்கள் எந்த நாட்டுச் சரக்கு?

பெரும்பாலும் பிரிட்டன். ஸ்காட்லாந்தில் கிர்க்கால்டி ஊரின் டக்ளஸ் அண்ட் கிராண்ட் கம்பெனி எஞ்சினும் அரிசி மெஷினும் சேர்த்தே செய்து பர்மாவுக்கு அனுப்பியது. கெயின்ஸ்பரோவின் மார்ஷல் எஞ்சின்களும் உண்டு.

என் கொள்ளுத்தாத்தா "பர்மாவில் மில்லில் இருந்தார்". எந்த மில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பழைய கடிதங்களின் தபால் முத்திரையைப் பாருங்கள்; ஊர்ப்பெயர் அதில் இருக்கும். பியாபோன், சைக்லாட், மௌபின், வாக்கேமா, மியாங்மியா, பசீன் என்று ஏதாவது ஒன்று வந்தால் டெல்டா. மோல்மேன், தட்டோன் என்றால் தெனாசரிம் பக்கம். அங்கே மில் என்றால் மரமில்லாகவும் இருக்கலாம். வீட்டில் "உமி", "பாய்லர்" என்று பேச்சு இருந்ததா, "தூள்", "வாள்" என்று பேச்சு இருந்ததா என்று பெரியவர்களிடம் கேட்டாலே பாதி விடை கிடைக்கும். நகரத்தார் வீடுகளில் பழைய பேரேடு இருந்தால் மில்லின் பெயரே கிடைத்துவிடக்கூடும். இங்கே வந்தால் ஊர்க் கோவிலில் உபயதாரர் கல்லைப் பாருங்கள். மணி கொடுத்தவர், விளக்கு கொடுத்தவர் வரிசையில் "மில் தொழிலாளர்கள்" என்று ஒரு வரி இருக்கும். பெயர் இருக்காது. அதற்கு என்னிடமும் மருந்தில்லை.

இன்னும் நீராவியில் ஓடும் மில் இருக்கிறதா?

2000க்குப் பிறகும் டெல்டாவில் பல ஓடின. வெளிநாட்டிலிருந்து நீராவிப் பைத்தியங்கள் கேமராவோடு வந்து எங்கள் பெல்ட்டுகளைப் படம் எடுத்துப் போனார்கள். 1987இல் உள்நாட்டு நெல் வியாபாரத்தைத் திறந்துவிட்ட பிறகு சின்னச் சின்ன ஹல்லர் மெஷின்கள் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. பெரிய எஞ்சினுக்கு நெல் போதவில்லை. 2008 மே மாதம் நர்கீஸ் புயல் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. எங்கள் மில்லின் கூரை அன்று இரவு போனது. புகைபோக்கி மட்டும் கம்பிக்கயிற்றில் சாய்ந்தபடி இரண்டு வருஷம் நின்றது.

இப்போது மின்சாரமும் டீசலும். சில மில்களில் உமியை அரைகுறைக் காற்றில் எரித்து, வரும் வாயுவில் எஞ்சின் ஓட்டுகிறார்கள். அதில் கசியும் தார்த்தண்ணீர் வாய்க்காலைக் கறுப்பாக்குகிறது. தாத்தா காலத்துச் சாம்பல்மேடே தேவலாம் என்று கிழவர்கள் புலம்புகிறார்கள்.

உமிக்கரியில் பல் தேய்த்தீர்களா?

வேறு என்ன பேஸ்ட் இருந்தது? ஆனால் எல்லாச் சாம்பலும் ஆகாது. மேல்படியில் பாதி எரிந்து கறுப்பாக நிற்பதுதான் பல்லுக்கு. கடைசிப் படியில் வெளுத்துக் கிடப்பது பித்தளைப் பாத்திரத்துக்கு. அதைப் பல்லில் வைத்தால் எனாமல் போய்விடும். தாத்தா விடியற்காலை வேலை முடிந்து வரும்போது சட்டைப்பையில் ஒரு பிடி கறுப்பு கொண்டுவருவார். வாசலில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஐந்து பேர் உள்ளங்கையிலும் ஆளுக்கொரு சிட்டிகை வைத்துவிட்டுத்தான் அவர் படுக்கப் போவார்.